மண்ணெண்ணெய்க் காலத்தைக் கழற்றாத கார்கள்

"அண்ணை, இதுக்கு என்ன பூட்டினால் பெற்றோல் குறையும்?"

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொன்னில் என் கொட்டிலுக்குப் பழைய காரோடு வருகிற ஆட்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். பூட்ட ஒன்றும் இல்லைத் தம்பி, கழற்றத்தான் நிறைய இருக்கு என்று சொன்னால் முகம் வாடிப்போகும். காந்தமோ குழாயோ குளிசையோ ஏதாவது ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டால் கதை முடிந்துவிடும் என்று நினைத்து வருகிறார்கள். பூட்டுகிற வேலை சுகம், செய்ததும் கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கேள்வி 2022இல்தான் பெருகியது. 2021 மார்கழியில் லீற்றர் 177 ரூபாய்க்கு விற்ற 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஆனிக் கடைசியில் 470 ரூபாய்க்கு வந்துவிட்டது. பிறகு கியூஆர் பங்கீட்டு முறை வந்து, தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கட்டினார்கள். புதிய கார் வாங்கித் தப்பவும் வழியில்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள், தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 மாசியில். அதனால் தாத்தா காலத்து ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் படங்கை உதறிக்கொண்டு வீதிக்கு வந்தன.

20 லீற்றரை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய்த் திரும்ப 45 கிலோமீற்றர் அளவில் வரும். லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடுகிற ஒஸ்ரின் ஏ40 அந்த 20 லீற்றரில் மூன்று தரம் போய்வரும். அதே கார் நல்ல நிலையில் 10க்கு மேல் ஓடும், நாலு தரம் போய்வந்த பிறகும் தாங்கியில் மிச்சம் இருக்கும். இங்கிலாந்தில் செய்த காலத்தில் கலனுக்கு 30 மைலை ஒட்டி ஓடிய கார் அது. ஆகவே 10 என்பது அதிசயம் இல்லை. அதன் சொந்தக் கணக்கு அதுதான். பறிபோன மூன்று கிலோமீற்றர் எங்கே போனது என்றுதான் தேடவேண்டும்.

நான் தேடிப் பார்த்த மட்டில், அதில் ஒரு பங்கு 1990களில் கிடக்கிறது.

1990 ஆனியில் சண்டை மூண்டதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் வரத்து முற்றாக நின்றது. மருந்துப் போத்தலில் அளந்து விற்கிற சாமானாகிவிட்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டுக்குள் தீவுப்பகுதிச் சனத்தில் பெரும்பங்கு ஊரைவிட்டு வெளிக்கிட்டுவிட்டது. நாங்களும் வலிகாமத்தில் ஒரு வளவுக்குள் ஒதுங்கியிருந்தோம். நான் தொழில் பழகியது அங்கே, மண்ணெண்ணெயில் கார் ஓட வைக்கிற தொழில். ஆசுப்பத்திரிக்குப் போவதும் கலியாணம் செத்தவீட்டுக்குப் போவதும் அந்தக் கார்களில்தான்.

மண்ணெண்ணெயில் பெற்றோல் எஞ்சின் ஓடுவது மாயவித்தை இல்லை. பெற்றோல் 30, 40 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் 150 பாகையைத் தாண்டவேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது, துளியாகவே நிற்கும், பிளக்கை நனைக்கும். ஆகவே முதலில் கொஞ்சம் பெற்றோல் காட்டி எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பொனற்றுக்குள் சின்னப் போத்தல் ஒன்றில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய், நடுவில் திருகு. கெட்டிக்காரச் சாரதி வீடு வந்து சேருவதற்குக் கொஞ்சம் முன்பே திருகைப் பெற்றோல் பக்கம் மாற்றிவிடுவார். இல்லாவிட்டால் காபரேட்டர் நிறைய மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் காலமை காரைத் தள்ளவேண்டியதுதான். ஃபேர்கசன் என்பவன் இங்கிலாந்தில் உழவு இயந்திரத்தை 1949இலிருந்து இதே முறையில் மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க்கென்றே செய்து விற்றான். அவன் தொழிற்சாலையில் செய்ததை நாங்கள் வேப்பமரத்துக்குக் கீழே செய்தோம்.

அடுத்த சிக்கல் எஞ்சின் தட்டுவது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. அழுத்தம் கூடினால் பொறி மூட்டிய தீ வந்து சேருவதற்கு முன்பே மிச்சக் கலவை தன்பாட்டில் பற்றி, உள்ளே சுத்தியலால் அடிக்கிற சத்தம் கேட்கும். ஏ40இன் அழுத்த விகிதம் 7.2. அதைக் குறைக்க ஹெட்டுக்குக் கீழே இரண்டாவது காஸ்கெட் வைத்தோம். பொறி வருகிற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினோம். தடித்த எண்ணெய் போகவேண்டுமென்று காபரேட்டர் ஜெற்றின் துளையைப் பெருப்பித்தோம். சூடு காணாதென்று ரேடியேற்றருக்கு முன்னால் மட்டை கட்டினோம். கார் ஓடியது. பின்னால் வெள்ளைப் புகை, ஊரெல்லாம் மண்ணெண்ணெய் மணம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே ஒயிலில் கலக்கும். அந்தக் காலத்தில் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் ஏறியிருக்கும். ஒயில் குறையாத கார் என்று அதைப் பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு! லீற்றருக்கு லீற்றர் மண்ணெண்ணெயில் பெற்றோலைவிடக் கொஞ்சம் கூடிய சக்தி இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பங்கு புகையாகவும் ஒரு பங்கு ஒயிலாகவும் போய்விடுவதால் ஓட்டம் கூடவில்லை.

பிறகு பெற்றோல் வந்தது. மட்டையை எல்லாரும் கழற்றினார்கள், அது கண்ணுக்குத் தெரிந்தது. போத்தலையும் திருகையும் கழற்றினார்கள். உள்ளே வைத்த காஸ்கெட்டை, தள்ளிவைத்த நேரத்தை, பெருப்பித்த துளையைக் கனபேர் கழற்றவில்லை. கார்தான் ஓடுகிறதே!

அதற்கு என்ன விலை? ஏ40இல் ஒரு சிலிண்டர் 300 சீசீ. ஒன்றரை மில்லிமீற்றர் காஸ்கெட் ஒன்று கூடினால் அழுத்த விகிதம் 7.2இலிருந்து 6.5 அளவுக்கு இறங்கும். எஞ்சின் கணக்குப்படி அதிலேயே மூன்று நாலு வீதம் எரிபொருள் போகிறது. இதைவிடப் பெரிய கள்ளன் பின்தள்ளிய பொறி. பொறி பிந்தினால் எரிந்த சூடு பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சர் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் போகும். கார் கொதிக்கும். கார் கொதிக்கிறதென்று எந்த வைத்தியரோ தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்திருப்பார், வெக்கை நாட்டுக்கு அது எதற்கு என்று. அது இல்லாத எஞ்சின் தன் சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். கரம்பொன்னிலிருந்து வேலணை வரைக்கும் பச்சைத்தண்ணீரோடு ஓடும், பெற்றோல் சரியாக ஆவியாகாது, சாரதி சோக்கை இழுத்தபடியே போவார். ஒரு பிழையை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க வேறொன்று.

ஆகவே என் வேலை ஒழுங்கு இப்படித்தான் போகும். முதலில் பொயின்ற் இடைவெளி. பொயின்றின் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கி, பொறி தானாகவே இன்னும் பிந்தும். அதைச் சரிப்படுத்திய பிறகுதான் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியை முன்னுக்குக் கொண்டுவரவேண்டும். இந்தக் கார்கள் பிறந்தபோது இங்கிலாந்தில் கிடைத்த பெற்றோல் 70 ஒக்டேன் அளவுதான். இன்றைய 92 அதற்கு விருந்து. புத்தகத்தில் சொன்னதைவிடக் கொஞ்சம் முன்னுக்கு வைத்தாலும் தாங்கும், மேட்டில் ஏறும்போது தட்டாமல் இருந்தால் போதும். தீவுப்பகுதியில் மேடு ஏது, பாலத்தில் ஏறிப் பார்க்கவேண்டியதுதான். பழைய காருக்கு 95 அடித்தால் கூடிய தூரம் ஓடும் என்று விலை கூடிய பெற்றோல் அடிக்கிறவர்களுக்கு ஒரு சொல்: 7.2 விகிதத்து எஞ்சினுக்கு அது ஒரு துளி நன்மையும் செய்யாது. பிறகு காபரேட்டருக்குச் சரியான அளவு ஜெற். பிறகு தேர்மோஸ்ராற், ரேடியேற்றருக்கு மழைத்தண்ணீர். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே கல் கட்டும். ஹெட்டைக் கழற்றி இரண்டாவது காஸ்கெட்டை எடுப்பதைக் கடைசியாகத்தான் செய்வேன், செலவு கூடிய வேலை அது.

கடற்காற்றும் சும்மா இருக்காது. உப்புக் காற்றில் பிறேக் சிலிண்டர்கள் இறுகிவிடும். காலை எடுத்த பிறகும் பிறேக் கட்டை டிரம்மை விடாமல் உரசிக்கொண்டிருக்கும். கட்டை முட்டுகிற சைக்கிளை மிதிக்கிற பாடுதான். ஓடி வந்து நிறுத்தியதும் நாலு டிரம்முக்கும் கிட்டக் கையை வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அங்கேதான் உங்கள் பெற்றோல் போகிறது. மட்டமான இடத்தில் காரை ஒரு ஆள் தள்ளினால் அசையவேண்டும். இரண்டு பேர் வேண்டுமென்றால் எஞ்சினைத் தொடுவதற்கு முன் சில்லுகளைப் பாருங்கள். ரயரில் ஒரு இறாத்தல் காற்றுக் குறைந்தால் 0.2 வீதம் அளவில் பெற்றோல் கூடும் என்பது அமெரிக்கக் கணக்கு. கேட்கச் சின்னதாக இருக்கும். நாலு ரயரும் பத்து இறாத்தல் குறைந்து ஓடுகிற கார்கள் எனக்குப் புதிதல்ல.

காற்றென்றால் ரயர்க் காற்று மட்டும் இல்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் வீட்டுக்கு வரும்போது காற்று முகத்தில் அடிக்கும். மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் 60இல் ஓடினால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 80இல் ஓடுகிறீர்கள். எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால் முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். ஏ40 மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற உடம்புக்கு இது பெரிய பாரம். அந்த இடத்தில் 45க்கு இறங்குங்கள். இதற்கு ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை.

காந்தம், தண்ணீரிலிருந்து வாயு எடுக்கிற போத்தல் எல்லாம் கேட்டு வருகிறார்கள். தண்ணீரைப் பிரிக்கிற மின்சாரம் பற்றரியிலிருந்து வருகிறது, பற்றரியை நிரப்புவது எஞ்சின், எஞ்சினை ஓட்டுவது பெற்றோல். இடையில் எங்கே இலாபம்? அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இப்படிப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட சாமான்களை ஆராய்ந்திருக்கிறது, குறிப்பிடும்படி மிச்சம் பிடித்துத் தந்தது ஒன்றுமில்லை. 1996இல் தமிழ்நாட்டில் ராமர் பிள்ளை மூலிகையில் பெற்றோல் செய்கிறார் என்ற செய்தி வந்தபோது இங்கேயும் பேச்சாய்க் கிடந்தது. பெற்றோலுக்கு ஏங்கிக் கிடந்த சனம் நம்பாமல் என்ன செய்யும். 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

உண்மையிலேயே மாற்றிப் பூட்டக்கூடியது ஒன்று உண்டு, ஜப்பான் எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் இறக்குவது. நல்லாய் ஓடும். ஆனால் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றவேண்டும், செலவை மீட்கக் கனகாலம் ஓடவேண்டும், அதன் பிறகு அது ஏ40உம் இல்லை.

அண்மையில் ஒரு பெரியவரின் காரில் ஹெட்டைக் கழற்றினேன். நினைத்தபடி இரண்டு காஸ்கெட். ஒன்றை எடுக்கப் போகிறேன் என்றேன்.

"எடாதை தம்பி, திரும்ப ஒருக்கால் மண்ணெண்ணெயில ஓடவேண்டி வந்தால்?"

"ஐயா, 2022 ஆவணியிலயே 87 ரூபாய் மண்ணெண்ணெய் 340 ஆச்சு. கடலுக்குப் போற பொடியளே எஞ்சினுக்கு அடிக்கக் காசில்லாமல் நிண்டவங்கள். அந்த ஆதாயம் இனி இல்லை."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். ஆனால் காஸ்கெட்டை எறியாமல் தன்னிடமே தரச் சொன்னார்.