உழைச்செல்வார் கடமை

நோய் தீரும் நெறியைக் கூறவந்த வள்ளுவர், 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு உழைச்செல்வானையும் சேர்த்தார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து பேணுபவனே உழைச்செல்வான். சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயைக் குறித்த 'செவிலி' என்னும் சொல், இன்று தமிழகத்தில் இப்பணியாளருக்கு வழங்குகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தாதி என்பர்.

பெயர் எதுவாயினும் பணி ஒன்றே. மருத்துவர் கட்டிலருகே நிற்பது சில நிமிடம். தாதியரோ இரவும் பகலும் முறைவைத்துக் காப்பர். அக்காவலின் அடிப்படைகள் நான்கினை ஈண்டுக் காண்போம்.

முதலாவது கைத்தூய்மை. வியன்னா நகர மகப்பேற்று மருத்துவமனையின் ஒரு பிரிவில், பிணங்களை அறுத்து ஆராய்ந்த கையோடு மருத்துவ மாணவர் பேறு பார்க்க வந்தனர். 1847 ஏப்ரலில் அங்குப் பிள்ளை பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு 18 பேர் மாண்டனர். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே உட்புகவேண்டும் என்று செம்மெல்வைஸ் என்னும் மருத்துவர் மே மாதத்தில் விதித்தார். ஜூன் மாதத்தில் அத்தொகை ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது! நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகளைத் தூய்மை செய்தல் இன்றைய விதி. சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுவதாயின், விரலிடுக்கும் நகநுனியும் விடாது 40 முதல் 60 நொடி வரை செய்தல் வேண்டும்.

இரண்டாவது ஆளறிதல். "நீங்கள் முனியம்மாளா?" என்று வினவினால், காது மந்தமான மூதாட்டி எதற்கும் தலையசைப்பார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லச் செய்து, மணிக்கட்டுப் பட்டையிலுள்ள பெயரோடும் எண்ணோடும் ஒப்பிடுதலே முறை. ஒரே வார்டில் இரண்டு முனியம்மாள் இருத்தல் கூடும். இனிப்பு நீர் உள்ளவருக்குரிய இன்சுலின் ஊசியை மற்றவருக்குப் போட்டால் உயிருக்கே கேடாகலாம். ஆள், மருந்து, அளவு, நேரம், கொடுக்கும் வழி ஆகிய ஐந்தும் சரியாதல் வேண்டும்.

மூன்றாவது உற்றுநோக்கல். வெப்பம், நாடி, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றைத் தாதி அளந்து குறிப்பார். ஓய்ந்திருக்கும் பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவர். உடல்நிலை கெடும்போது பலருக்கு முன்னதாக மாறுவது மூச்சே. ஆயினும் எண்ணாது உத்தேசமாக எழுதப்படுவதும் அதுவே. முழு நிமிடம் எண்ணுதல் நன்று. ஊகித்து எழுதிய எண், எழுதாத வெற்றிடத்தினும் தீது. ஏனெனில், மருத்துவர் அதை நம்பிவிடுவார்.

நான்காவது புரட்டிப் படுக்கவைத்தல். அசைய இயலாதார் ஒரே நிலையில் கிடப்பின், குதிகால், இடுப்பின் பின்புறம் முதலிய எலும்பு மேடுகளில் இரத்தவோட்டம் தடைப்பட்டுப் புண்ணாகும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டுதல் நெடுநாள் வழக்கம். நோயாளியின் நிலைக்கேற்ப அது மாறும். சிவந்த இடத்தில் தைலம் தேய்த்தல் பலர் செய்யும் தவறு. அது தோலை மேலும் கெடுக்கும்.

1854-இல் ஸ்கூட்டாரி படைமருத்துவமனைக்குச் சென்ற நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய மாதரசியாகவே பள்ளிகளில் காட்டுகிறோம். அவர் கணக்கேடும் ஏந்தியவர். காயத்தால் மாண்ட வீரரினும் நோயால் மாண்டோரே மிகப் பலர் என்பதைப் புள்ளிவிவரத்தால் மெய்ப்பித்தார். 1860-இல் இலண்டனில் தாதியர் பயிற்சிப் பள்ளி தோற்றுவித்தார். அன்பு மட்டும் போதுமாயின் பயிற்சிக்குத் தேவையிராது. அன்பும் முறைமையும் ஒருங்கே வாய்த்தவரே உழைச்செல்வார் என மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன்.