மூளைக்கட்டி: ஒரு சுவிட்சை அணைத்தால் ஏன் போதவில்லை?

மூளைக்கட்டி அறுவைக்குப் பிறகு வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் ஐடிஎச், எம்ஜிஎம்டி, இஜிஎஃப்ஆர் என்று மரபணுப் பெயர்களும் இருக்கின்றன. அதைப் பார்த்ததும் வீட்டில் எழும் கேள்விகள் இரண்டு: "ஜீன்ல கோளாறுன்னா பிள்ளைங்களுக்கும் வருமா? எந்த ஜீன்னு தெரிஞ்சா அதை நிறுத்த மருந்து இல்லையா?"

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் வராது. இந்த மாற்றங்கள் வாழ்நாளில் ஏதோ ஒரு மூளைச் செல்லில் உண்டாகி, அதிலிருந்து பிரியும் செல்களில் மட்டும் தொடர்பவை. பரம்பரையாக வரும் வகைகள் அரிது.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். பெரியவர்களுக்கு வரும் மிக மோசமான வகையான கிளியோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்வோம்.

சாதாரணமாக ஒரு செல் பெருக வேண்டுமென்றால், வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிப் புரதம் வந்து செல் சவ்வில் இருக்கும் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியில் ஒட்ட வேண்டும். உடனே ராஸ், பிஐ3கே என்ற இரண்டு பாதைகளில் "பெருகு" என்ற செய்தி உள்ளே போகும். பிடென் என்ற புரதம் இரண்டாவது பாதைக்கு பிரேக். இந்தக் கட்டிகள் பலவற்றில் இஜிஎஃப்ஆர் மரபணு ஏகப்பட்ட நகல்களாக இருப்பது 1985-லேயே தெரிந்துவிட்டது. சிலவற்றில் ஏற்பியின் வெளிப்பகுதியில் ஒரு துண்டே காணாமல் போயிருக்கும். எதுவும் வந்து ஒட்டாமலே செய்தி ஓடிக்கொண்டிருக்கும்.

அப்போ இஜிஎஃப்ஆரை அடைத்துவிட்டால்? நுரையீரல் புற்றில் எர்லோட்டினிப், ஜெஃபிடினிப் மாத்திரைகள் அதைத்தான் செய்கின்றன. மூளையில் அவை கைகொடுக்கவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு மருந்தை எளிதில் விடாது. நுரையீரலில் மாற்றம் ஏற்பியின் உட்பகுதியில். இங்கே பெரும்பாலும் வெளிப்பகுதியில். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், வளர்ச்சிச் செய்திப் பாதை 88%, பழுதான செல்லைத் தடுக்கும் பி53 பாதை 87%, பிரிதலுக்குப் பூட்டான ஆர்பி பாதை 78% கட்டிகளில் கெட்டிருந்தன. அதாவது பெரும்பாலான கட்டிகளில் மூன்றுமே ஒன்றாகக் கெட்டிருக்கும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புரியும். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை, சுற்றிலும் போர் போட்டு இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். ஒரே ஒரு பம்பை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது.

இதற்கு வெளிச் செய்திகளும் சேரும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் குமரவேல் சோமசுந்தரம் குழு, நிம்ஹான்ஸ் மருத்துவர்களோடு சேர்ந்து 2013-ல் 14 மரபணுக்களை வைத்து நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தது. ஆபத்து அதிகமுள்ள பிரிவில் நோய் எதிர்ப்பு சார்ந்த மரபணுக்கள் தூக்கலாக இருந்தன.

ஒற்றைச் சுவிட்சு பலித்த இடமும் உண்டு. மெதுவாக வளரும் சில கிளியோமாக்களில் ஐடிஎச் மாற்றம்தான் தொடக்கப்புள்ளி. அதை அடைக்கும் வோராசிடெனிபுக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சீக்கிரமே, அடித்தளத்திலேயே அடைப்பதால் பலன்.

ஆகவே ரிப்போர்ட்டில் இரண்டைக் கட்டாயம் பாருங்கள். ஐடிஎச் மாற்றம் இருந்தால் நோயின் போக்கே வேறு. எம்ஜிஎம்டி 'மெத்திலேட்டட்' என்றிருந்தால், செல்லின் டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணு அடங்கிக் கிடக்கிறது, டெமோசோலமைட் கூடுதலாகப் பலிக்கும் என்று பொருள். இவை இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருக்கும் அதே திசுவிலிருந்து பிறகும் பரிசோதிக்கலாம். இதற்காக மறுபடி அறுவை தேவைப்படாது.