ஓவியம் மாட்டாத ஓவிய நூலகம்

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வெகு அருகில் பெட்ஃபோர்டு சதுக்கம். 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல் வீடுகள் நாலு பக்கமும் வரிசை பிடித்து நிற்கும் இடம். அங்கே 16-ஆம் எண் வீட்டில் இருக்கிறது பால் மெலன் மையம். பிரிட்டிஷ் ஓவிய வரலாற்றுக்கென்றே நடக்கும் ஆய்வு நூலகம். இங்கே வருகிறவர்கள் படிக்க வருகிறார்கள்.

பால் மெலன் அமெரிக்கச் செல்வந்தர், குதிரைப் பிரியர். 1936-இல் ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த, குதிரையும் லாயத்துப் பையனும் நிற்கும் படத்தை வாங்கினார். அதுதான் அவருடைய முதல் பிரிட்டிஷ் ஓவியம். 1959-க்குப் பிறகு, பாசில் டெய்லர் என்ற அறிஞரின் துணையோடு வாங்கிக் குவித்தார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ்காரர்களே தங்கள் ஓவியர்களைப் பிரெஞ்சு, இத்தாலிய ஓவியர்களுக்கு ஒரு படி கீழே வைத்துத்தான் பேசினார்கள். பணம் இருந்தால் படத்தை வாங்கிவிடலாம். அதை யார், யாருக்காக, எப்போது வரைந்தார் என்பதை ஒருவர் உட்கார்ந்து தேடித்தான் எழுத வேண்டும். அந்த வேலைக்காக 1970-இல் யேல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இம்மையத்தை உண்டாக்கினார். அவர் சேர்த்த ஓவியங்களுக்கு, யேல் இருக்கும் அமெரிக்க நகரமான நியூ ஹேவனில் லூயி கான் வடிவமைத்த கட்டடம் 1977-இல் திறந்தது.

லண்டன் வீட்டின் உண்மையான செல்வம் பழைய ஏலப் பட்டியல்களும் கண்காட்சிப் பட்டியல்களும்தான். பட்டியலின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய விலையும் வாங்கியவர் பெயரும் ஓர் ஓவியம் கைமாறிய வழியைக் காட்டிவிடும். எல்லிஸ் வாட்டர்ஹவுஸ், ஆலிவர் மில்லர் போன்ற அறிஞர்களின் ஆய்வுத் தாள்களும் இங்கே பத்திரமாக இருக்கின்றன. பிரின்ஸ்லி ஃபோர்டு ஆயுள் முழுக்கச் சேர்த்த குறிப்புகளிலிருந்து, 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்குப் போன பிரிட்டிஷ், ஐரிஷ் பயணிகளின் அகராதி ஒன்றே 1997-இல் வெளிவந்தது. அறிஞன் மறைந்ததும் அவன் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகும் நம் ஊர் வழக்கத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்தப் பிரிட்டிஷ் ஓவிய வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. பிரிட்டிஷ் ஓவியர் டில்லி கெட்டில் 1769-இல் சென்னையில் வந்திறங்கி ஆற்காடு நவாப் முகமது அலியை வரைந்தார். ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே பயணம் செய்து மதுரையையும் தஞ்சையையும் தீட்டினார்கள். பிறகு லண்டன் ராயல் அகாடமியில் இந்தியக் காட்சிகளை வைத்தார்கள். 1769 முதல் 2018 வரையிலான அகாடமியின் கோடைக் கண்காட்சிப் பட்டியல்கள் அனைத்தையும் இம்மையம் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. கம்பெனிக் காலத் தமிழகத்தை ஆராயும் மாணவர்களே, அதைத் திறந்து முதலில் டேனியல் பெயரைத் தேடுங்கள்.