குடலுக்குள் ஒரு கவலை

தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் பழைய கிணற்று மேட்டைப் பார்த்தால், கவலை இறைத்த கல்தூண்கள் சில இடங்களில் இன்னும் நிற்கின்றன. கரண்ட் மோட்டார் வருவதற்கு முன்பு கொங்குச் சீமையின் கிணற்று வெள்ளாமை இந்தத் தூண்களை நம்பித்தான் நடந்தது. பூட்டிய இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும். வடம் விறைக்கும். ஆழத்தில் கிடந்த தண்ணீர் சால் நிறைய மேலேறி வரும். ஒன்று இறங்கினால்தான் இன்னொன்று ஏறும் என்பதே கவலையின் கணக்கு.

அதே கணக்கில்தான் நம் சிறுகுடலும் சர்க்கரையை இறைத்துக்கொள்கிறது.

குடலின் உட்புறத்தில் வரிசையாக நிற்கும் செல்கள் ஒவ்வொன்றையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. உப்பும் சர்க்கரையும் தாமாக அதைக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் அவற்றுக்கு வாசல். செல்லுக்குள் சர்க்கரை ஏற்கெனவே அதிகமாக இருக்கும்போதும், வெளியே மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் விடாமல் குடல் உள்ளே இழுத்துவிடுகிறது. பள்ளத்துத் தண்ணீர் மேட்டுக்கு ஏறுவது போன்ற இந்த வேலைக்கு எங்கிருந்து பலம் வருகிறது?

1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இதற்கு விடை சொன்னார். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. அதனால் சோடியத்துக்கு உள்ளே வருவது சரிவில் இறங்குவது மாதிரி. அப்படி இறங்கும்போது அது குளுக்கோஸையும் சேர்த்து இழுத்து வருகிறது என்றார் அவர். 1987இல் எர்னஸ்ட் ரைட்டின் குழு, முயலின் குடலிலிருந்து அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தது. எஸ்ஜிஎல்டி-1 என்று அதற்குப் பெயர். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம் என்பது அதன் விகிதம். ஒரு சாலுக்கு இரண்டு மாடு!

ஒரு வித்தியாசம் உண்டு. கவலையில் மாடு ஒரு திசையில் போகும், சால் இன்னொரு திசையில் வரும். இங்கே இரண்டும் ஒரே வாசல் வழியாக உள்ளே வருகின்றன. புரதம் முதலில் வெளிப்பக்கம் திறந்திருக்கும். சோடியமும் குளுக்கோஸும் அமர்ந்ததும் வெளிப்பக்கத்தை மூடிக்கொண்டு உள்பக்கம் திறக்கும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை.

இறங்கிய மாடு மறுபடி மேலே வந்தால்தானே அடுத்த சால்? அதற்கு வேறொரு புரதம் இருக்கிறது. செல்லின் மறுபுறத்தில் இருந்துகொண்டு அது 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவாகிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் இதை விவரித்தார். நோபல் பரிசு கிடைக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சோடியமும் சர்க்கரையும் போகிற பக்கம் தண்ணீரும் போகும். காலரா மருத்துவத்தையே இந்தச் சின்ன உண்மை மாற்றிவிட்டது. காலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று 1959இல் நிறுவியவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே. அந்த நஞ்சு குடல் செல்லின் குளோரைடு வாசலைத் திறந்தே வைத்துவிடுகிறது. உப்பும் தண்ணீரும் வெளியே கொட்டுகின்றன. ஆனால் சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து நுழையும் வாசலை நஞ்சு தொடுவதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் தங்காத உடம்பில், உப்பையும் சர்க்கரையையும் அளவாகக் கலந்து கொடுத்தால் தண்ணீர் தங்குவது அதனால்தான்.

1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. ஓஆர்எஸ் எனப்படும் இந்த உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தின் மீது உலகத்துக்கு நம்பிக்கை வந்தது இந்த முகாமுக்குப் பிறகுதான்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இதை இன்னொரு படி கொண்டுபோனது. சிறுகுடலில் நழுவிய தண்ணீரைக் கடைமடையான பெருங்குடலில் பிடிக்க முடியாதா என்று பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு யோசித்தது. சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் சேர்த்தார்கள். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துச் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அந்த அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சும்போது சோடியமும் தண்ணீரும் கூடவே உள்ளே வரும். காலரா கண்ட 48 பேரிடம் சோதித்ததில் வயிற்றுப்போக்கும் குறைந்தது, அது நிற்க ஆகும் நேரமும் சுருங்கியது. 2000இல் இந்த ஆய்வு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது.

எஸ்ஜிஎல்டி-1க்குச் சிறுநீரகத்தில் ஒரு பங்காளி உண்டு: எஸ்ஜிஎல்டி-2. இது ஒற்றை மாட்டுக் கவலை. ஒரு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ். நாளொன்றுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் சுமார் 180 கிராம் குளுக்கோஸில் பெரும்பகுதியை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது இதுதான். எஞ்சியதை இரட்டை மாட்டுக்காரன் கவனித்துக்கொள்கிறான். ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்த புளோரிசின் என்ற பொருள் இந்த இரண்டையுமே அடைக்கும். அதன் வழித்தடத்தில், சிறுநீரக வாசலை மட்டும் குறிவைத்து உருவானவைதான் இன்றைய டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் மிஞ்சும் குளுக்கோஸைச் சிறுநீரோடு வெளியேற்றுவது இவற்றின் வேலை. இதயம் தளர்ந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் உதவுவது பின்னால் தெரியவந்தது. எம்பாகிளிஃப்ளோசினின் இந்தியக் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும் விலை இறங்கியது. மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடிய மாத்திரை அல்ல இது.

மறுபடி குடலுக்கு வருவோம். ஓஆர்எஸ் கரைசலில் அளவுதான் உயிர். 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல், சரிசமம். சர்க்கரை அளவு மீறினால் அது உடம்பிலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கி வருவதற்கு 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டதற்குக் காரணம் இதுவே. பொட்டலம் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

தாராபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரனுக்கு வயிற்றாலை என்று ஒரு ஆத்தா ஓஆர்எஸ் பொட்டலம் கேட்கிறார். அப்படியே தனக்குச் சர்க்கரை மாத்திரையும். கடைக்காரர் இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுக்கிறார். பேரனுக்கு மாடு பூட்ட ஒன்று. ஆத்தாவுக்கு மாட்டை அவிழ்க்க ஒன்று.