பழைய வாசலால் போகும் புதிய கட்டிடம்

பேர்லினில் ஹலெஷஸ் தோர் ஊ-பான் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், லின்டன் ஸ்ராஸவில் ஒரு பழைய மாளிகை நிற்கிறது. 1735ஆம் ஆண்டு கட்டியது. முன்பு நீதிமன்றமாக இருந்தது. அதன் பக்கத்தில், துத்தநாகத் தகடு போர்த்தி, மின்னல்கீற்றுப் போல மடிந்து மடிந்து போகும் இன்னொரு கட்டிடம். யன்னல்கள் கத்தியால் கீறினது போல இருக்கும். "இதென்ன கோலம்?" என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது.

இது யூத நூதனசாலை. வரைந்தவர் டானியல் லீபஸ்கின்ட். 1946இல் போலந்தில் பிறந்தவர். பெற்றோர் யூத இனப்படுகொலைக் காலத்தில் உயிர் தப்பி, உறவினர் பலரை இழந்தவர்கள். 1989இல் போட்டியில் இவரது வரைபடம் தெரிவானது. 2001 செப்ரெம்பரில் நூதனசாலை திறக்கப்பட்டது.

புதிய கட்டிடத்துக்குத் தெருவால் வாசல் கிடையாது. பழைய மாளிகைக்குள் போய், படியால் நிலத்துக்குக் கீழே இறங்கித்தான் போகவேண்டும். மேலே பார்த்தால் இரண்டும் வேறு வேறு. அடியில் ஒன்று. ஜேர்மனியரின் சரித்திரமும் யூதர்களின் சரித்திரமும் அப்படித்தான்.

கீழே மூன்று பாதைகள். ஒன்று, கொல்லப்பட்டவர்களை நினைக்க வைக்கும் இருண்ட, வெப்பமூட்டாத கோபுரத்துக்குப் போகிறது. ஒன்று, நீண்ட படிகளால் கண்காட்சிக்கு ஏறுகிறது. மற்றது, நாடு விட்டு ஓடியவர்களுக்கான தோட்டத்துக்கு. அங்கே 49 கொங்கிறீற் தூண்கள். உச்சியில் மரங்கள். 48 தூண்களில் பேர்லின் மண், நடுத்தூணில் ஜெருசலேம் மண். நிலம் சரிவு. தலை சுற்றியது. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, ஏன் நேரா நடக்கேல்லை?" என்று மகன் சிரித்தான். வந்த புதிதில், விளங்காத டொச் கடிதத்தோடு கந்தோர் வாசலில் நின்றபோதும் நிலம் இப்படித்தான் இருந்தது என்று அவனுக்குச் சொன்னேன். அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

கட்டிடத்தின் நடுவே வெறும் வெளிகளையும் விட்டிருக்கிறார்கள். இல்லாமல் போனவர்களின் இடம் அது. யாழ்ப்பாண நூலகம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் பிறக்க முதலே, 1981இல், ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. பின்பு பழைய உருவிலேயே வெள்ளையடித்துக் கட்டினார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு அது வேண்டியதுதான். ஆனாலும், எரிந்ததைச் சொல்ல ஒரு அறையை வெறுமையாக விட்டிருக்கலாமோ என்று நினைக்கிறேன்.

பேர்லின் பக்கம் போனால் பிள்ளைகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். டொச் விளங்காவிட்டாலும் காலுக்கு விளங்கும். "நாங்கள் ஏன் இங்கே வந்தோம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலை வைத்துக்கொண்டு போங்கள்.