பெயரும் பொருளும்: குழந்தைகளுக்காகப் பேசிய இரு மருத்துவப் பெண்மணிகள்

பேதியாகும் குழந்தையின் உயிரைக் குடிப்பது, உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே. இதற்கு மருந்து மிக எளியது: ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசல். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைக் கொடுத்தே ஏராளமானோரைப் பிழைக்க வைத்தார்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது: ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5, ஆக 20.5 கிராம். குடலில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உள்ளே போக, தண்ணீரும் பின்தொடர்கிறது. சர்க்கரை மிஞ்சிவிட்டாலோ நேர்மாறு. உடம்புத் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கிவிடும்.

இந்தக் குடல் நோயைப் பற்றித் தாய்மார்களுக்கென்றே எழுதியவர் அமெரிக்காவின் ரெபெக்கா லீ கிரம்ப்ளர். 1864-இல் அந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி. உள்நாட்டுப் போருக்குப் பின் ரிச்மண்ட் நகரில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்கு வைத்தியம் செய்தார். 1883-இல் அவர் வெளியிட்ட மருத்துவ நூலின் முதற்பகுதி முக்கியமாகச் சிறு குழந்தைகளின் குடல் நோய்களைப் பற்றியதே. வீட்டிலுள்ள தாய்க்கு விஷயம் போய்ச் சேர அன்று அவருக்குக் கிடைத்த சாதனம் அச்சுப் புத்தகம்.

நம் காலத்தில் அதே வேலையைக் கைபேசி வழியே செய்தவர் ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ். ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் மருந்துக் கடைகளிலேயே விற்கப்படுவதைக் கண்டு, ஏறத்தாழ எட்டாண்டுகள் வீடியோக்களில் பேசினார். 2022-இல் தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயருக்குத் தடை விதித்தது. ஆனால் ஜூலையிலேயே, ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் அல்ல’ என்று அச்சிட்டால் போதும்னு தளர்த்திவிட்டது. 2025 அக்டோபர் 14-இல்தான் அந்தச் சலுகை ரத்தாயிற்று. நவம்பரில், அத்தகைய பானங்களைக் கடைகளிலிருந்து அகற்றுமாறு மாநிலங்களுக்கு உத்தரவு போயிற்று.

பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சிட்டால் யாருக்குப் பயன்? மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளிலும் நம்மவர்கள் பலருக்குப் பேச்சும் எழுத்தும் தமிழ்தான். “ஓ.ஆர்.எஸ். ஒண்ணு குடுங்க”ன்னு வாயால் கேட்பார்கள், கடைக்காரர் எடுத்துத் தருவதை நம்பி வாங்கிப் போவார்கள். கேட்ட பெயருக்குரிய பொருளைத் தருவது கடைக்காரன் கடமை. போலிச் சரக்கை அசலென்று விற்பதை, உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்கு ஏற்படும் குற்றங்களில் ஒன்றாக எண்ணுகிறது. நானும் ஒரு வியாபாரி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சட்டம் வருமுன்பே நமக்குத் தர்மம் இருந்தது.

ஆகவே அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில. ஒரு லிட்டர் பாக்கெட்டை, காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகப் போடக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டாலோ, கண் குழி விழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். குடும்பாரோக்ய கேந்திரத்திலும் ஆஷா ஊழியரிடமும் அசல் பாக்கெட் இலவசமாகவே கிடைக்கும். நிறமும் பழவாசனையும் உள்ள டப்பாவைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.