தசையைத் தூண்டும் மின்சாரம்

அறிவியல் வளர்ச்சியால் மருத்துவ உலகம் பெற்றுள்ள துணைக்கருவிகள் பல. அவற்றுள் இயன்முறை மருத்துவர்கள் கையாளும் மின் தசைத்தூண்டல் கருவியும் ஒன்று. பக்கவாதத்தால் கை கால் விழுந்தவர்க்கும், முகவாதத்தால் வாய் கோணியவர்க்கும், முழங்காலில் அறுவை செய்துகொண்டவர்க்கும் இதனைப் பயன்படுத்துகின்றனர். மக்கள் இதனைக் 'கரண்டு வைத்தல்' என்பர். பத்து நாள் கரண்டு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என நம்புவோரும் உளர்; கரண்டு பாய்ந்தால் இருக்கும் வலுவும் போய்விடும் என அஞ்சுவோரும் உளர். இரு சாராரும் கருவியையே நோக்குகின்றனர். அது உடலில் எதனைத் தூண்டுகிறது என்பதை நாம் ஈண்டு நோக்குவோம்.

மின்சாரம் இன்னதென்று அறியாத காலத்திலேயே மாந்தர் அதனை மருந்தாகக் கொண்டனர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கும் பாதத்தில் வரும் வாதநோய்க்கும் உயிருள்ள மின்திருக்கை மீனை உடலில் படச் செய்யுமாறு எழுதினார். நைல் ஆற்றில் வாழும் மின்கெளிறுக்கு அரபு மொழியில் 'ரஆத்' என்று பெயர். இடியைக் குறிக்கும் 'ரஅத்' என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. மேகத்தின் மின்னலும் மீனின் அதிர்ச்சியும் ஓரினம் என்று அறிவியல் நிறுவுவதற்கு வெகு காலம் முன்னரே மொழி அவற்றை அருகருகே வைத்துவிட்டமை வியத்தற்குரியது.

இத்தாலியின் பொலோனா நகரில் லூயிஜி கால்வானி, இறந்த தவளையின் கால் மின்பொறியால் துடிப்பதைக் கண்டு, அதனை 1791-இல் வெளியிட்டார். பிரெஞ்சு மருத்துவர் துஷேன், தோலைக் கிழிக்காமல் மேலிருந்தே குறிப்பிட்ட ஒரு தசையை மட்டும் இயக்கும் முறையை 1855-இல் நூலாக விளக்கினார். இன்றைய சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர் அவரே எனலாம்.

'நரம்பு' என்னும் சொல்லைத் தமிழர் பரந்த பொருளில் வழங்கி வந்துள்ளனர். யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. புறங்கையில் புடைத்துத் தெரியும் இரத்தக்குழாயும் பேச்சு வழக்கில் நரம்பு. வழக்கில் இது குற்றமன்று. ஆனால் மருத்துவத்தில் இம்மயக்கம் ஆகாது. மூளையும் தண்டுவடமும் இடும் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்லும் இழையே ஈண்டு நரம்பு எனப்படுவது. அந்த இழை உயிரோடு உள்ளதா என்னும் ஒரு வினாவைப் பொறுத்தே இச்சிகிச்சையின் போக்கு அமைகிறது.

நரம்பு உயிரோடு இருப்பின் வேலை எளிது. தோலின்மேல் வைக்கும் இரு பட்டைகளின் வழியே சிறுசிறு துடிப்புகளாக மின்சாரம் செல்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றுக்கும் குறைவான நேரமே நீடிக்கும். அது தசையை நேரே தொடுவதில்லை. நரம்பை எழுப்புகிறது, நரம்பு தசையைச் சுருக்குகிறது. நொடிக்கு ஒரு துடிப்பு எனில் தசை வெட்டி வெட்டி இழுக்கும். நொடிக்கு 30 முதல் 50 வரை எனில் அத்துடிப்புகள் ஒன்றிக் கலந்து, நாமே முயன்று இறுக்கியது போன்ற தொடர் சுருக்கம் உண்டாகும்.

நரம்பு அறுபட்டு அழிந்திருப்பின் இக்குறுந்துடிப்புகளுக்குத் தசை அசையாது. நூறு மடங்கும் அதற்கு மேலும் நீண்ட துடிப்புகளே அதனை அசைக்க வல்லன. அறுபட்ட நரம்பு மீண்டும் வளருமாயின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளரும். முழங்கையில் அறுந்த நரம்பு 30 சென்டிமீட்டர் கடந்து உள்ளங்கையை அடைய ஏறக்குறைய பத்து மாதம் ஆகும். அதுவரை தசையைத் தூண்டிக் காப்பது பயன்தருமா என்பதில் மருத்துவரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எவ்வாறாயினும், பத்து நாள் கணக்கு இங்குச் செல்லாது என்பது தெளிவு.

முகவாதத்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். காரணம் புலப்படாமல் திடீரென ஒரு பக்க முகம் தளரும் இந்நோய் பெரும்பாலோர்க்குத் தானாகவே குணமாகும். அவ்வாறு குணமான முகத்திற்குரிய பெருமை கரண்டுப் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது! மின்தூண்டல் இதனைக் குணப்படுத்தும் என்பதற்கு வலுவான சான்று கிட்டவில்லை. பயன் நிறுவப்பட்டிருப்பது, முதல் மூன்று நாள்களுக்குள் மருத்துவர் தொடங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கே. மேலும் வாய் கோணுவது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். அந்நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்பற்றது. எனவே முதலில் நாட வேண்டியது மருத்துவமனையையே.

முழங்கால் அறுவைக்குப் பின் வீக்கத்தாலும் வலியாலும் தொடைத் தசை அடங்கிக் கிடக்கும்போது, பயிற்சியோடு இணைந்த மின்தூண்டல் அதன் வலுவை மீட்க உதவுகிறது. பக்கவாதத்தால் பாதம் தொங்கி விரல் தரையில் உரசுவோர்க்காக லிபர்சன் என்னும் மருத்துவர் 1961-இல் ஓர் அமைப்பை வெளியிட்டார். குதிகாலின் கீழ் ஒரு விசை, குதிகால் தரையை விட்டு எழுந்ததும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாகச் செல்லும் நரம்பில் மின்சாரம் பாயும், பாதம் நிமிரும். இம்முறையின் பிற்கால வடிவங்களை பிரிட்டனின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் 2009-இல் ஏற்றுப் பரிந்துரைத்தது. இங்கு மின்சாரம் பாதத்தைத் தூக்குகிறது. நடப்பவர் நோயாளியே என்பது கருதத்தக்கது.

நாம் முயன்று ஒரு தசையை இறுக்கும்போது சிறு இழைகள் முதலிலும் பெரியவை பின்னரும் வேலைக்கு வருகின்றன. முறை மாற்றியும் உழைக்கின்றன. மின்சாரமோ அதே இழைகளை ஒரே கணத்தில் மீண்டும் மீண்டும் ஏவுகிறது. ஆதலால் தசை விரைவில் களைக்கும். இடையிடையே ஓய்வு தராவிடில் சுருக்கம் தளர்ந்துவிடும். மூளையின் விருப்பமும் அதில் கலப்பதில்லை. ஆகவேதான் நல்ல இயன்முறை மருத்துவர், கரண்டு வரும்போது "நீங்களும் சேர்ந்து தூக்குங்கள்" என்று நோயாளியைத் தூண்டுகிறார். முதியவரைப் படுக்கவைத்துப் பட்டையை ஒட்டிவிட்டு, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வீட்டார் வேறு வேலைக்குச் செல்வது சிகிச்சையில் பாதியை இழப்பதாகும் என்பது நம் கருத்து.

இக்கருவி இன்று கடைகளிலேயே கிடைக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்க்கு மருத்துவரைக் கேளாமல் இதனை வைத்தல் கூடாது. கழுத்தின் முன்புறத்திலும், கருவுற்ற பெண்ணின் வயிற்றிலும், புற்றுநோய்க் கட்டியின் மேலும், இரத்தம் உறைந்த காலிலும் வைத்தல் ஆகாது. தோலில் உணர்ச்சி மரத்தவர், குறிப்பாக நீரிழிவால் கால் மரத்த முதியோர், சூட்டை உணராமல் புண்படக்கூடும். பட்டை ஒட்டுமுன் அவ்விடத்தைத் தொட்டு, உணர்ச்சி உண்டா என வினவ வேண்டும்.